தரம் மூன்றில் கள்ள வாக்கு

யூன் 16, திங்கள்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டியது. துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் ஒரு துளி ஈரமில்லை.

தேவை: பால்மா டின் இரண்டு. புளியங்கொட்டை. ஊதா மை. செருப்பு வார் தைக்க வேண்டும்.

அதிபர் கூப்பிட்டார். (இனி அ. என்றே எழுதுவேன். முழுச் சொல்லையும் எழுதும் அளவுக்கு மரியாதை மிச்சமில்லை.) வெள்ளிக்கிழமை ஆசிரிய ஆலோசகர் வருகிறாராம், 'நற்பிரஜை' பாடம் பார்க்க. தரம் மூன்றில் என் வகுப்பைத்தான் காட்டப்போகிறாராம்.

"நல்லாச் செய்து காட்டுங்கோ மாஸ்டர். யோகநாதன் சேர் இந்தத் தவணையோட ஓய்வு. பத்தும் பதினொண்டும் குடியுரிமைக் கல்விக்கு ஆளில்லாமல் கிடக்கப்போகுது."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. கடைக்காரன் தராசை ஒரு விரலால் அமத்தும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

பத்தும் பதினொன்றும் என்னுடையவை. பதினாறு வருடம் படிப்பித்தேன். அரசியல் விஞ்ஞானத்தில் சிறப்புப் பட்டம். பரிசளிப்பு விழாவில் அ. அரசியலமைப்பைப் பற்றி ஒரு முழுப் பிழை சொன்னார், மேடையிலேயே திருத்தினேன். அடுத்த தவணை நேரசூசியில் என் பெயர் தரம் மூன்றில். மூக்குச் சளி, தண்ணீர்ப் போத்தல், "சேர், இவன் என்ர அழிறப்பரை எடுத்திட்டான்." இரண்டு வருடம்.

ஏன் நிர்மலா ரீச்சரின் மற்றத் தரம் மூன்றைக் காட்டவில்லை? அவர் அ.வுக்கு வேண்டியவர். சாட்சி வைத்துக்கொண்டு என்னை விழுத்தத்தான் இந்த ஏற்பாடு. ஆனாலும் பத்தாம் வகுப்பு திரும்பக் கிடைத்தால்?

கிடைத்தால் போகத்தான் வேண்டும்.

திட்டம்: புதன் வகுப்புத் தலைவர் தேர்தல். வெள்ளி, வென்ற பிள்ளை ஆலோசகர் முன்னால் வகுப்புக் கூட்டம் நடத்தும். வாக்குச்சீட்டு வேண்டாம். புள்ளடி போடு என்றால் பிழை என்று நினைப்பார்கள். கொப்பி முழுக்க நான் போடுவது அதைத்தானே. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. விரும்பிய டின்னில் போடலாம்.

வேட்பாளர்கள் பிள்ளைகளே முன்மொழிந்தார்கள். கவிஷன்: பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் மகன். தகப்பனுக்கு இரும்புச் சாமான் கடை. அ.வும் அவரும் ஒரு சட்டியில் சாப்பிடுகிறவர்கள். ஹஸ்னா: கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டிப் பாடசாலை வானில் வருகிறவள். வானை ஓட்டுவது அவளுடைய வாப்பா. வாய் மூடாது.

அ.வின் கட்டளை: உண்மையான கட்சிச் சின்னம் ஒன்றும் வரக்கூடாது. ஒரு வீட்டில் உள்ள சாமானில் பாதி ஏதோ ஒரு கட்சியிடம் போய்விட்டது. கடலுக்குள் இறங்கினோம். கவிஷன் நண்டு. ஹஸ்னா கணவாய்.

யூன் 17, செவ்வாய்

அதே வெக்கை. கண்ணுக்குள் மணல்.

நண்டுச் சுவரொட்டி காணோம். நேற்று வேப்பமரத்தில் கட்டியது. கணவாய் மட்டும் காற்றில் ஆடுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் கிழிப்பது என்றால் அதற்குப் பின்னால் ஒரு மூளை இருக்கவேண்டும். செயலாளர் தானே கிழித்துவிட்டு அழப்போகிறாரா? நிர்மலா ரீச்சரா? காவலாளியை விசாரித்தேன்.

"மான் திண்டிட்டுது சேர்."

"நண்டை மட்டும் தின்னுமோ?"

"கணவாய் உயரத்தில கட்டியிருக்கு சேர்."

இந்த ஊர் மான்கள் கோட்டைப் பக்கமிருந்து வந்து கடதாசி, வாழைப்பழத்தோல், கொப்பி எல்லாம் தின்னும்தான். இருந்தாலும் காவலாளி விடையை ஆயத்தமாக வைத்திருந்த மாதிரி ஒரு தொனி.

வகுப்பில் சட்டம் சொல்லிக்கொடுத்தேன். ஒருவருக்கு ஒரு வாக்கு. வாக்கு இரகசியம். யாருக்குப் போட்டாய் என்று அம்மா கேட்டாலும், சேர் கேட்டாலும் சொல்லத் தேவையில்லை. யாரும் பயப்படுத்தக்கூடாது, இனிப்புக் கொடுக்கக்கூடாது.

ஹஸ்னா: "சேர், இனிப்பு வாங்கித் திண்டுபோட்டு மாறிப் போட்டால்?"

எட்டு வயது! பத்தாம் ஆண்டில்கூட இதை ஒருவரும் கேட்டதில்லை.

புளியங்கொட்டை நிர்மலா ரீச்சர் தந்தார், அவருடைய கணித மூலையிலிருந்து. கேட்காமலே தந்தார். குறித்து வைக்கிறேன்.

வீட்டில் மனைவி: "உங்களுக்கு எல்லாரும் சதிதான். நான் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டாலும் சதி."

சீனி கூடத்தான் இருந்தது.

யூன் 18, புதன்

வாக்களிப்பு. இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேருக்கு அம்மாள் வருத்தம். மூவரும் கடற்கரைப் பக்கத்து ஒரே ஒழுங்கை. உடம்பு முழுக்கக் கொப்புளம், வேப்பிலை கட்டிய வாசல், இன்னும் ஒரு கிழமைக்கு வரமாட்டார்கள்.

அலுமாரியின் பின்னால் டின்கள். என் மேசையில் கொட்டைத் தட்டும் மையும். ஒவ்வொருவராக வந்து, இடது கைச் சின்ன விரலில் மை பூசி, கொட்டை வாங்கி, பின்னால் போய், 'டிங்' என்று சத்தம் கேட்டதும் வெளியே. விரலை ஊதிக்கொண்டு போனார்கள், பெரிய ஆட்கள் மாதிரி. இருபது வருடமாகத் தேர்தல் கடமைக்குப் போகிறேன். வெளிநாட்டில் இருப்பவனும் மேலுலகத்தில் இருப்பவனும் மத்தியானத்துக்குள் வந்து வாக்களித்துவிட்டுப் போன வாக்களிப்பு நிலையங்களில் இருந்திருக்கிறேன். இன்று மனத்துக்குள், இது சுத்தம் என்று நினைத்தேன்.

எண்ணினோம். நண்டு 14. கணவாய் 15.

இருபத்தொன்பது!

மூன்று கூட. திரும்ப எண்ணினேன். அதே. கணவாய் டின்னுக்குள் பதினான்கு கொட்டையும் ஒரு இரும்பு நட்டும். புதுசு, எண்ணெய்ப் பளபளப்பு. இந்த ஊரில் இப்படி நட்டு ஒரு கடையில்தான்.

பிள்ளைகளுக்குக் கணக்கு ஓடவில்லை. "கணவாய்! கணவாய்!" என்று கத்தினார்கள். கவிஷன் ஹஸ்னாவுக்குக் கை கொடுத்தான். கொடுக்கச் சொல்லிப் பழக்கியது நான்தான்.

யோசனைகள்:

1. நிர்மலா ரீச்சர். அதே கொட்டை அவரிடம் நிறைய உண்டு. இடைவேளையில் டின் தனியாக இருந்தது.

2. செயலாளர். தன் மகன் தோற்கப்போகிறான் என்று தெரிந்து, தேர்தலையே செல்லாமலாக்க, எதிர் டின்னில் தன் கடை நட்டையே போட வைத்திருக்கலாம். அவ்வளவு மூளை உண்டா? அ. கொடுத்திருப்பார்.

3. அ. தானே.

பாடசாலை விட்டபிறகு அ.விடம் போனேன், அவர் முகத்தைப் பார்க்க. முகத்தில் ஒன்றுமில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். கேட்டுவிட்டு உடனேயே தீர்ப்பு:

"வந்தது இருபத்தாறு. இருபத்தொன்பது எப்பிடி வரும்? அந்த மூண்டும் கள்ள வாக்கு. எடுத்துவிடுங்கோ."

"எந்த டின்னிலயிருந்து?"

"கூடின டின்னிலயிருந்துதான். நட்டு அதுக்குள்ளதானே கிடந்தது. நண்டு பதினாலு, கணவாய் பன்னிரண்டு. கணக்கும் சரி, சட்டமும் சரி. செயலாளருக்கும் சந்தோசம். வெள்ளி ஆலோசகர் வந்து பாக்கட்டும். பேந்து நாங்கள் பத்தாம் ஆண்டைப் பற்றிக் கதைப்பம்."

இப்படிப் பச்சையாக இதற்கு முன் அவர் என்னிடம் பேசியதில்லை.

யூன் 19, வியாழன்

காற்று இன்னும் மோசம். ஆசிரியர் அறை யன்னல் கழன்று அடித்தபடி.

நிர்மலா ரீச்சர் தேநீரோடு வந்தார். "என்ன மாஸ்டர், எலெக்சன் குழப்பமாம்?"

"கொட்டை உங்கடதானே ரீச்சர்."

கோப்பையை மேசையில் வைத்தார். "என்ர கொட்டையில கணக்குப் படிச்ச பிள்ளையள் இருபத்தாறை இருபத்தாறு எண்டுதான் எண்ணும். உங்கட வகுப்பைக் கேளுங்கோ."

கேட்டேன். விசாரணை மாதிரித் தொடங்கவில்லை. ஆனால் குரல் அப்படித்தான் வந்திருக்கும். ஒருவருக்கு ஒரு வாக்கு என்று சொன்னேனா? "ஓம் சேர்!" யார் கூடப் போட்டது?

அழுகை வரும், ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மூன்று கைகள் உயர்ந்தன. ஒரு பயமுமில்லை. சுலக்சன், பிருந்தா. மூன்றாவது கவிஷன்.

"என்னத்துக்குப் போட்டனீங்கள்?"

சுலக்சன்: "வருத்தக்காரருக்குச் சேர். அவை வரேல்லைத்தானே."

"வராத ஆக்களுக்கு நீங்கள் போட ஏலுமோ?"

"வேலிக்கு வெளியில நிண்டு கேட்டனாங்கள் சேர். கிட்டப் போனால் தொத்தும் எண்டு அம்மா சொன்னவ. அவை சொன்னதைத்தான் போட்டனாங்கள்."

பிருந்தா, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, மெதுவாக: "வலைக்கு வராட்டிலும் வருத்தக்காரருக்குப் பங்கு வைக்கிறதுதானே சேர். எங்கட அப்பா காய்ச்சலாக் கிடக்கேக்க சம்மாட்டி வீட்ட மீன் அனுப்பினவர்."

கரைவலைப் பிள்ளைகள்; சம்மாட்டி என்றால் வலையின் சொந்தக்காரர். தோணி இறங்கும்போது படுக்கையில் கிடக்கிறவனுக்கும் பங்கு உண்டு. அதைப் பக்கத்து வீட்டுக்காரன் கொண்டுபோய்க் கொடுப்பான். கொடுக்காமல் தின்றவன் பிறகு வலையில் கை வைக்க ஏலாது. நான் படிப்பித்த சட்டத்தை அவர்கள் மீறவில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு. இருபத்தொன்பது பேர், இருபத்தொன்பது வாக்கு. வகுப்பு வரவு இடாப்பில் உள்ளதும் அவ்வளவுதான்.

கவிஷனிடம்: "நீ ஆருக்காகப் போட்டாய்?"

"மதுஷாவுக்காக."

"எந்த டின்னில?"

தலையைக் குனிந்தான். "ரகசியம் எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள். சேர் கேட்டாலும் சொல்லத் தேவையில்லை எண்டு."

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

நம்பவில்லை. செயலாளரின் மகன். நண்பியின் வாக்கைக் கேட்டு வாங்கித் தன் டின்னிலேயே போட்டிருப்பான்; தகப்பனின் இரத்தம். பின்னேரம் மதுஷா வீட்டுக்குப் போனேன். வேலிக்கு வெளியில் நின்றேன். எனக்குச் சின்ன வயதில் வந்து போனதுதான், ஆனாலும் தாய் உள்ளே விடவில்லை. பிள்ளை யன்னலில். முகம் முழுக்கப் புள்ளி.

"மது, நீ கவிஷனிட்ட என்ன சொல்லிவிட்டனீ?"

"கணவாய்க்குப் போடச் சொன்னனான் சேர். அவன் கோவிச்சவன். நண்டுக்குச் சொல்லன், நான் உன்ர பிரெண்ட்தானே எண்டவன். நான் ஏலாது எண்டனான்."

"பேந்து?"

"சரி எண்டிட்டுப் போட்டான். கொட்டை கிடைக்காட்டி என்ன செய்யிறது எண்டு கேட்டவன். கடையில ஏதும் சின்னச் சாமான் எடு எண்டனான்."

நட்டு. கணவாய் டின்னுக்குள்.

திரும்பி வரும்போது கடற்கரை வீதியால் நடந்தேன், ஓட்டோ பிடிக்காமல். அவன் அந்த நட்டை மற்ற டின்னில் போட்டிருந்தால் பதினைந்து - பதினான்கு, அவன் தலைவன். அலுமாரிக்குப் பின்னால் ஒருவரும் பார்க்கவில்லை. தன்னை ஒரு வாக்கால் தோற்கடித்தது அவன் கைதான். அது அவனுக்கும் தெரியும், நேற்று எண்ணும்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் கை கொடுத்திருக்கிறான்.

இதில் எங்கே சதி என்று தேடினேன். மதுஷாவுக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கலாம். தாய் வாசலில் நின்ற விதம்... இல்லை. அந்தத் தாய்க்கு இப்படி ஒரு தேர்தல் நடந்ததே தெரியாது.

நாளை கரும்பலகையில் எதை எழுதுவது? அ.வின் கணக்கு சட்டப்படி சரி. எந்த நிலையத்திலும் நானே அந்த மூன்றையும் தள்ளியிருப்பேன். கூடவே பத்தாம் ஆண்டு. இவ்வளவு சுலபமாக என் பக்கம் வருகிற சட்டத்தை நான் எப்போதும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பேன்.

யூன் 20, வெள்ளி

நீலச் சட்டை. வார் தைத்த செருப்பு.

காலையில் முதல் வேலையாக எழுதினேன்: நண்டு 14, கணவாய் 15. சுண்ணக்கட்டி உடைந்தது. அதற்குப் பிறகு அழிக்க நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது.

ஆலோசகர்: ஐம்பதைத் தாண்டிய பெண், மூக்குக்கண்ணாடி, பேச்சுக் குறைவு. அ. பின்னால் கதிரையில். ஹஸ்னா கூட்டத்தைத் தொடங்கினாள். "எல்லாரும் இருங்கோ. சேரும் இருக்கலாம்."

ஆலோசகர் பலகையைப் பார்த்தார். வரவுப் பலகையையும் பார்த்தார். புதன் வரவு இருபத்தாறு. இப்படி ஒரு கண் உள்ளவர் கல்வி வலயத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

"கூட்டிப் பாத்தால் இருபத்தொன்பது வருது?"

அ. எழும்பிவிட்டார். "ஒரு சின்னப் பிழை மிஸ். மாஸ்டர் இப்ப திருத்துவார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கவிஷனும்.

"பிழை இல்லை. மூண்டு பேருக்கு அம்மாள் வருத்தம். அவையின்ர விருப்பத்தைக் கேட்டு மற்றப் பிள்ளையள் போட்டவை."

ஆலோசகர்: "சட்டப்படி அது ஏலாதே மாஸ்டர்."

"ஓம், ஏலாது. ஆனால் வராத ஆக்கள் என்ன செய்யிறது எண்டு நான் வாக்களிப்புக்கு முதல் ஒரு சட்டமும் சொல்லேல்லை. இல்லாத சட்டத்தை எண்ணி முடிஞ்ச பிறகு போட ஏலாது. அதையும் பத்தாம் ஆண்டிலதான் படிப்பிக்கிறது."

கடைசி வசனம் தேவையில்லை. வந்துவிட்டது.

ஹஸ்னா காத்திருக்கவில்லை. "அப்ப இப்ப சட்டம் போடுவம். வருத்தக்காரர் போடலாமோ, கூடாதோ? கை உயர்த்துங்கோ." எல்லாக் கையும். ஒருவன் இரண்டு கை. அவனை அவளே ஏசினாள். அப்போது கவிஷன் எழுந்தான்: "ஒராள் போய்க் கேட்டால் ஏமாத்தலாம். ரெண்டு பேர் போகவேணும். ஒராள் மற்றக் கட்சி." ஆலோசகர் அவனைப் பார்த்து, "நீர்தான் தோத்தவரோ?" என்றார். "ஓம் மிஸ்."

நட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆலோசகர் நிறைய எழுதினார். என்ன என்று தெரியாது. போகும்போது, "சத்தம் கொஞ்சம் கூட," என்றார். பாராட்டா, குறையா?

யூன் 23, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. சூடு மட்டும் மிச்சம்.

அ.: "யோகநாதன் சேரின்ர இடத்துக்கு வலயத்திலயிருந்து ஒராள் வருகுதாம். நான் என்ன செய்ய?" இம்முறை சிரிப்பு இல்லை. உண்மையாகவே கோபம்.

ஆக, போயிற்று. தரம் மூன்று. ஓய்வு வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கு முதலே ஆள் தீர்மானமாகியிருக்கும் என்று ஒரு எண்ணம். வலயம் ஒரு சனி ஞாயிறில் ஆள் கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படியானால் நான் இழந்தது ஒன்றுமில்லை. அந்த ஆறுதல் பிடிக்கவில்லை. இழந்ததாகவே இருக்கட்டும்.

பலகையில் ஏன் அப்படி எழுதினேன்? நல்ல மனது என்று எவரும் சொல்ல வேண்டாம். அ.வின் கையால் அந்த வகுப்பை வாங்க மனமில்லை என்பதும் சேர்த்தி. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பாடசாலை விட்டபிறகு வாசலில் செயலாளர். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே:

"மாஸ்டர், என்ர பிள்ளையை ஒரு வாக்கில தோக்கடிச்சுப்போட்டீங்களே. பெரிய வேலை. அந்த மூண்டையும் எடுத்திருந்தால் அவன் வெண்டிருப்பான். எனக்கு எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரியாது. வாயில் வந்துவிட்டது: யார் தோற்கடித்தது, எந்தக் கடைச் சாமானால். அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க இரண்டு வருட ஆசை. அவரோடு நின்றிருக்காது, அ.வின் காதுக்கும் பின்னேரமே போயிருக்கும்.

ஆனால் அது கவிஷனின் வாக்கு. மதுஷாவின் வாக்கு என்றும் சொல்லலாம். எப்படிப் பார்த்தாலும் என்னுடையது இல்லை.

"வாக்கு இரகசியம்," என்றேன்.

"என்ன பகிடியோ?"

"இல்லை."

புகை விட்டுக்கொண்டு போனார். நெஞ்சு கொஞ்சம் எரிந்தது. மத்தியானச் சோற்றில் உறைப்புக் கூட.

யூன் 24, செவ்வாய்

ஒருவர் வருத்தம் மாறி வந்தார். புதிதாக இருவர் படுக்கை. பிருந்தாவும் அதில்.

கவிஷனின் கையையும் காலையும் பார்த்தேன், அவனுக்குத் தெரியாமல். அடிபட்ட தழும்பு ஒன்றுமில்லை. வீட்டில் பேச்சு வாங்கியிருப்பான். அல்லது தகப்பன் வேறு ஏதோ யோசிக்கிறார்.

வாய்ப்பாடு. பிறகு 'எமக்கு உதவுவோர்' பாடம். தபால்காரரை வரையச் சொன்னால் ஹஸ்னா தன் வாப்பாவின் வானை வரைந்து, அதற்குள் தபால்காரரை ஏற்றிவிட்டாள்.

மணி அடித்தபின் கவிஷன் மேசையடியில் வந்து நின்றான்.

"சேர், அடுத்த எலெக்சன் எப்ப எண்டு அப்பா கேட்டுக்கொண்டு வரச் சொன்னவர்."

திகதி இன்னும் தீர்மானிக்கவில்லை என்றேன்.